ஸ்டெல்லா சொன்ன மலை

துருப்பிடிச்ச ஜன்னல் கம்பி வாசனை... அதோட யாரோ திறந்த டிபன் பாக்ஸிலிருந்து எலுமிச்சை சாதம். எங்க காலை ரயில்னா எனக்கு அதுதான்.

கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போன காலம். முதல் ஸ்டேஷனில் ஏறுறவங்க கர்ச்சீப் போட்டு எங்களுக்கு ஜன்னலோர சீட் பிடிச்சு வைப்பாங்க.

பக்கத்துல ஸ்டெல்லா, எங்க லைன் வீட்டுக்காரி. சுரங்கம் மூடினதிலிருந்து அவங்கப்பா வீட்டோட இருந்தார். இவ போன இன்டர்வியூ எல்லாம் ஊத்திக்கிச்சு. அன்னைக்கு ஒரு டிராவல் கால் சென்டர்.

"இதுவும் போச்சுன்னா கார்மெண்ட்ஸ்தான்டி"ன்னா, பாவம்.

ஊரைப் பத்திப் பேசச் சொல்வாங்கன்னு நான் ஒரு இங்கிலீஷ் வார்த்தை கொடுத்திருந்தேன். 'ரக்கட்'. பாறையும் பள்ளமுமா கரடுமுரடா கிடக்கிற நிலத்துக்குச் சொல்றது. உருப்போட்டா... மனசுல நிக்கல.

டேக்கல் ஸ்டேஷன் வந்தது. ஒண்ணு மேல ஒண்ணா பாறைக் குன்றுகள்.

"அங்க பாருடி, அதான் ரக்கட்."

"அட, இவ்ளோதானா? தினம் பாக்குறதுதானே!"

சாயங்காலம் ரயிலேறினவ முகமே சரியில்லை. டேக்கலை விட்டுட்டு, எங்க சைனைடு மேட்டைப் போய் 'ரக்கட் மவுண்டன்'னு சொல்லிட்டாளாம்! சைனைடு போட்டுத் தங்கம் பிரிச்சபிறகு கொட்டின மண்ணு அது. எங்களுக்கு அது மலைதான்... இன்டர்வியூ எடுத்த பெங்களூர்க்காரருக்கு எப்படித் தெரியும்?

"அங்க ஏதும்மா மலை?"ன்னு கேட்டிருக்கார்.

"மை ஃபாதர் ஒன்லி புட் தட் மவுண்டன், சார்"னு இவ சொல்லியிருக்கா.

அவர் பேனாவைக் கீழே வெச்சுட்டாராம். அப்புறம் காத்தடிச்சா வெள்ளைத் தூசி சோத்துல விழுறது வரைக்கும், தெரிஞ்ச இங்கிலீஷ்ல நிறுத்தாம பேசியிருக்கா.

"அப்புறம்?"

"திங்கக்கிழமை வேலைக்கு வரச் சொல்லிட்டாங்கடி"ன்னு அழுதா. நானும் அழுதுட்டேன்.

இப்போ எலெக்ட்ரானிக் சிட்டில ஒரு டீமையே மேய்க்கிறா. மேம்பாலத்துல கம்பெனி கேப், மேடு பள்ளமே தெரியாது. நான் தொம்மலூர்ல. ஒரே ஊர்ல இருந்தும் போன்ல மட்டும்தான் பேச்சு. அவங்கப்பா இப்போ இல்லை.

போன வாரம் அவ பொண்ணு ஹோம்வொர்க்குக்கு அதே 'ரக்கட்'ங்கிற வார்த்தையைத் தேடினாளாம். போன்ல ஏதோ வெளிநாட்டுப் பனிமலை வந்திருக்கு.

"உங்க தாத்தா போட்ட மலையே இருக்கு, அது எதுக்குடி? ஞாயித்துக்கிழமை ரயில் ஏறு, காட்டறேன்"னு சொல்லியிருக்கா ஸ்டெல்லா.

எனக்கும் ஜன்னலோரம் ஒரு கர்ச்சீப் போட்டு வைடின்னேன்.