ஸ்கேல் மாமா திருப்பி அனுப்பிய செக்கு

என் அக்கா புருஷனுக்கு அவர் வேலை பார்க்கும் வங்கியில் ஸ்கேல் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிடமாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் மேனேஜரிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் அப்படித்தான். நான் மட்டும் மரியாதைக்கு ஒரு மாமா சேர்த்துக்கொள்வேன். அந்த மரியாதையும் அக்காவுக்காகத்தான்.

அவர் பார்ப்பது செக்கு பாஸ் பண்ணும் வேலை. யாரோ யாருக்கோ செக்கு எழுதுகிறார்கள். வாங்கினவர் தன் வங்கியில் போடுகிறார். அது சுற்றிக்கொண்டு எழுதினவரின் வங்கிக்குக் காலையில் வந்து சேரும். கணக்கில் பணம் இருந்தால் பேச்சே இல்லை, தானாகப் போய்விடும். பணம் போதாத செக்குகள் மட்டும் ஒரு தாளில் அச்சாகி மாமாவின் மேசைக்கு வரும். மத்தியானத்துக்குள் ஒவ்வொன்றுக்கும் அவர் முடிவு சொல்ல வேண்டும். திருப்பி அனுப்பலாம். இல்லை, ஒரு போன் போட்டு, "கொஞ்சம் குறையுது, வந்து கட்டிடுங்க" என்று சொல்லலாம். அதுவும் இல்லையென்றால், குறைகிற பணத்தை வங்கியே கொஞ்ச நாளைக்குக் கொடுத்ததாக வைத்துக்கொண்டு பாஸ் பண்ணிவிடலாம். அதற்குத்தான் ஓவர்டிராஃப்ட் என்று பெயர். ஓர் அளவு வரைக்கும் அவரே கையெழுத்துப் போட அதிகாரம் உண்டு.

அந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? இழுப்பறையிலிருந்து ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்து, தாளில் பெயர்கள் இருக்கும் பத்தியை மறைத்துக்கொள்வார். கணக்கு எண் தெரியும், தொகை தெரியும், எவ்வளவு குறைகிறது என்பது தெரியும். யாருடையது என்பது மட்டும் தெரியாது. குறைகிறதா, சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. செக்கு திரும்பிவிடும். "பேரைப் பாத்தா மனசு எளகிடும். எனக்கு எல்லாரும் ஒண்ணுதான்" என்பார். இளகுவதற்கு முதலில் மனசு என்று ஒன்று இருக்க வேண்டாமா?

எல்லாரும் ஒன்று என்பதும் சுத்தப் புளுகு. மரக்கடை முதலாளியின் கணக்கு எண் அவருக்கு மனப்பாடம். பெயரை மறைத்தால் என்ன, எண்தான் ஸ்கேலுக்கு வெளியே பளிச்சென்று இருக்கிறதே! அதைக் கண்டதும் சிவப்புப் பேனா கீழே போய்விடும், போன் கைக்கு வந்துவிடும். "வணக்கம் சார். ஒண்ணும் அவசரமில்ல சார். செக்கு ஒண்ணு வந்திருக்கு, கொஞ்சம் கொறையற மாதிரி இருக்கு. பரவாயில்ல சார், நாளைக்கு, நாளான்னிக்கு, எப்ப முடியுதோ அப்பப் போடுங்க, நான் பாத்துக்கறேன்." அவர் சொல்லும் அந்தக் கொஞ்சத்தில் ஒரு வீடு கட்டலாம். அந்தக் கிளையில் கவுண்டரில் உட்காரும் பெண் என்னிடம்தான் துணி தைக்கக் கொடுக்கிறாள். அளவு கொடுக்க வரும்போதெல்லாம் மாமா குழைவதை அப்படியே பேசிக் காட்டுவாள். வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டு சிரிக்கவும் முடியாமல் நான் திண்டாடுவேன்.

மரக்கடைக்காரருக்குப் பணம் குறைந்தால் அதை 'வசதி செய்து கொடுத்தோம்' என்பார்கள். எங்கள் தெரு சலூன்காரருக்குக் குறைந்தால் அது ஒழுக்கக்கேடு. செக்கு திரும்பியதற்கு ஒரு பிடித்தம். கணக்கில் வைக்க வேண்டிய குறைந்தபட்சத் தொகை இல்லாததற்கு ஒரு பிடித்தம். பிடித்துவிட்டோம் என்று போனுக்குச் சேதி அனுப்பியதற்கும் ஒரு பிடித்தம். காசு இல்லை என்பதற்காகக் காசு கேட்கிற கூத்தை வேறு எங்காவது பார்த்திருக்கிறீர்களா? பிடித்ததால் இன்னும் குறையும். குறைந்ததால் இன்னும் பிடிப்பார்கள். சலூன்காரர் ஒருநாள் கடையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிப்போய், "ஒரு போன் பண்ணியிருந்தா ஓடிவந்து கட்டியிருப்பேனே சார்" என்று கேட்டிருக்கிறார். "வரவு செலவு பாத்து நடந்துக்கத் தெரியணும்ப்பா" என்று மாமா தலையைக்கூட நிமிர்த்தாமல் சொல்லியிருக்கிறார். அந்த மனுஷன் கையில்தான் இவர் மாதாமாதம் தலையைக் கொடுக்கிறார். காதோடு திரும்பி வருவது அவர் செய்த புண்ணியம்.

வீட்டிலும் இதே கறார்தான். சம்பளம் விழுகிற கணக்கு அவர் பெயரில் தனியாக இருக்கிறது, அதன் பக்கம் அக்கா எட்டிக்கூடப் பார்க்க முடியாது. வீட்டுச் செலவுக்கென்று அதே கிளையில் சாதாரணக் கணக்கு ஒன்று உண்டு. முதல் பெயர் அவருடையது, அடுத்த பெயர் அக்காவுடையது, யார் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம். மாதம் பிறந்தால் அக்காவிடம் அளந்து கொஞ்சம் ரொக்கம் கொடுத்து அதில் போடச் சொல்வார், அதோடு சரி. அந்தக் கணக்கின் எண்கூட அவருக்குத் தெரியாது. அக்கா சாயங்காலங்களில் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிப்பதையும் அதில்தான் போட்டு வைப்பாள். எச்சில் கையால் காக்காய் ஓட்டாத ஆளோடு குடித்தனம் நடத்தியும் அவள் நாலு காசு சேர்த்திருந்தாள் என்றால் அது அவள் சாமர்த்தியம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடை, ஆஸ்பத்திரிக்காரர்களின் வெள்ளைக் கோட்டு, இதுதான் பிழைப்பு. படுக்கிற அறையில்தான் இரண்டு மிஷினும். கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாத்தினால்தான் துணி வெட்டும் மேசையை விரிக்க முடியும். பள்ளிக்கூடத்துக்கு எதிர்வரிசையில் ஒரு கடை காலியாயிற்று. அது கிடைத்துவிட்டால் நான் ஆள் தேடி வீடு வீடாகப் படியேற வேண்டாம், பிள்ளைகள் வாசலிலேயே அளவு கொடுத்துவிட்டுப் போகும். அந்த இடத்தின் மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று சொன்னால் சிரிப்பீர்கள். பூட்டிய கதவின் முன்னால் நின்று, மிஷினை எங்கே போடலாம், கண்ணாடியை எங்கே மாட்டலாம் என்று கையை ஆட்டி அளந்துகொண்டிருப்பேன்.

கட்டடக்காரர் அட்வான்ஸை முழுசாக ஒரே செக்காகக் கேட்டார். "செல்போன் கடைக்காரர் ஒருத்தர் தெனமும் வந்து நிக்கறாரும்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள என் கணக்குக்குப் பணம் வரலைன்னா அவருக்குக் குடுத்துடுவேன். அப்புறம் என்னைக் கோவிச்சுக்கக் கூடாது" என்றார்.

என்னிடம் பாதிக்கு மேல் இருந்தது. மீதியைத் தருகிறேன் என்று அக்கா சொன்னாள். "உன் காசையும் கொண்டாந்து வீட்டுக் கணக்குல போடு. நான் ஒரே செக்கா எழுதித் தர்றேன். உங்க மாமாகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாத."

கட்டடக்காரர் செக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேங்க்காரர் வீட்டுச் செக்கா? அப்பக் கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

எழுதிக் கொடுத்த அன்று கணக்கில் பணம் சரியாக இருந்தது, கொஞ்சம் மிச்சம்கூட இருந்தது. அக்கா கணக்குப் பாடம் எடுக்கிறவள், தப்பு விடமாட்டாள். ஆனால் செக்கு வந்து சேருவதற்கு முந்தின சாயங்காலம் வங்கி யாரையும் கேட்காமல் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம், சேதிக்குக் கட்டணம் என்று அதிலிருந்து கிள்ளி எடுத்துக்கொண்டது. கடைசியில் குறைந்தது எவ்வளவு தெரியுமா? இரண்டு டீ குடிக்கிற காசு.

வெள்ளிக்கிழமை காலையில் மாமா ஸ்கேலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் நின்ற கவுண்டர் பெண்ணுக்கும் அந்த ஸ்கேலால் பெயர் தெரியவில்லை, குறைகிற தொகை மட்டும் கண்ணில் பட்டிருக்கிறது.

"சார், இவ்ளோ பெரிய செக்குக்கு இத்துனூண்டுதான் குறையுது. ஒரு போன் அடிச்சுச் சொல்லிடட்டுமா?"

"எதுக்கு? கொறைச்சல்னா கொறைச்சல்தாம்மா. இன்னிக்கு டீ காசுன்னு விட்டா நாளைக்கு சோத்துக் காசும்பாங்க."

சொல்லிக்கொண்டே சிவப்புக் கோட்டை இழுத்துவிட்டார். அதற்கு அடுத்த வரியிலேயே மரக்கடை. அதற்கு எழுந்து நின்று போன் பேசினாராம்.

எனக்கு மத்தியானம் கட்டடக்காரர் போன் செய்தார். அவர் பேச்சில் கோபம்கூட இல்லை, இளப்பம்தான் இருந்தது. "செக்கு திரும்பிடுச்சும்மா. பேங்க்காரர் வீட்டுலயே காசில்லையா? நான் செல்போன் கடைக்காரர்கிட்ட அட்வான்ஸ் வாங்கிட்டேன்." கத்தரிக்கோலை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். கெஞ்சினேன், கையெடுத்துக் கும்பிட்டேன். சாயங்காலத்துக்குள் ரொக்கமாகவே கொண்டுவந்து வைக்கிறேன் என்றேன். அவர் செக்கோடு திரும்பி வந்த வங்கிச் சீட்டை என் கையில் திணித்தார். 'போதிய பணம் இல்லை' என்று அச்சடித்திருந்தது. அடியில் கையெழுத்து. அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியாதா?

நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்த மாமா சாப்பிட்டுக்கொண்டே பீற்றிக்கொண்டிருந்தார். "இன்னிக்கு ஒரு பெரிய செக்கு. டீ காசுதான் கொறைஞ்சுது. அந்தப் பொண்ணு போன் பண்ணலாம்ங்குது. நான் விட்டேனா? வேற எவனா இருந்தாலும் பாஸ் பண்ணியிருப்பான்."

நான் அந்தச் சீட்டை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "நல்லாச் சாப்பிடுங்க மாமா. அது என் கடை."

அவர் சீட்டில் இருந்த கணக்கு எண்ணைப் படித்தார். புரியவில்லை. அக்கா உள்ளே போய்ச் செக்குப் புத்தகத்தை எடுத்து வந்து விரித்துக் காட்டினாள். அப்போதும் அவர் முகத்தில் வெட்கம் வந்ததா என்றால், இல்லை. பயம்தான் வந்தது. "ஐயையோ, ஸ்டாஃப் பேர்ல இருக்கற கணக்கு! செக்கு ரிட்டர்ன் ஆனா எனக்கு மெமோ குடுப்பாங்களே!" என் கடை போன கவலை எங்கே? அவர் மெமோக் கவலை எங்கே?

பிறகு அக்கா மேல் பாய்ந்தார். "ஏன்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு எழுதக் கூடாதா? சொல்லியிருந்தா நான் பாஸ் பண்ணியிருக்க மாட்டேனா?"

அக்கா சாதாரணமாகக் குரலை உயர்த்தாதவள். அன்றும் உயர்த்தவில்லை. "அப்ப ஊர்ல செக்கு எழுதறவங்க எல்லாரும் உங்ககிட்ட வந்து சொல்லிட்டு எழுதணுமா? இல்ல, மரக்கடைக்காரர் மட்டும் சொல்லாம எழுதலாமா?"

மாமா தட்டிலேயே கையைக் கழுவினார்.

மெமோ வந்தது. அதற்கு அவர் எழுதிக் கொடுத்த விளக்கத்தைக் கவுண்டர் பெண் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். 'மனைவியின் அஜாக்கிரதையால் நேர்ந்தது, இனி நேராமல் கண்டிப்புடன் பார்த்துக்கொள்கிறேன்.' மேனேஜர் சரி என்று கோப்பை மூடிவிட்டார். முதுகெலும்பு என்று ஒன்று இருந்தால் அப்படி எழுத வருமா? நான் அதை அக்காவிடம் மறைக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டே அடுப்பைத் துடைத்து முடித்தாள். மறுநாள் என் வீட்டுக்கு வண்டியோடு வந்தாள். "மிஷினை ஏத்து. என் வீட்டு ஹால் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தெருதான். இனிமே அங்கதான் கடை."

"மாமா?"

"அவரு கெடக்கறாரு, நீ ஏத்து."

சாயங்காலம் மாமா வந்தபோது ஹாலில் அவர் சாய்ந்து உட்காரும் நாற்காலி இல்லை. அந்த இடத்தில் வெட்டு மேசை. டிவி முன்னால் சீருடைத் துணிக்கட்டு. ஒரு அம்மா தன் பெண்ணுக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் போகும் வரைக்கும் மாமா செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"எத்தன நாளைக்கு இது?" என்றார்.

"கடைக்கு நாள் கணக்கா?" என்றாள் அக்கா.

கொஞ்ச நேரம் ஹாலைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு, நம்புவீர்களோ மாட்டீர்களோ, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். "இல்ல, வாடகைன்னு ஏதாவது தருவாளா? கரண்டு வேற ஆகும்."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "டீ காசுக்கு இவ கடைய முடிச்சீங்களே, அந்தக் காசத் தரச் சொல்லவா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் டப்பாவைத் திறந்து சில்லறையை எடுத்து மேசைமேல் வைத்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருக்கட்டும் என்றுதான் வைத்தேன். அவர் ஒன்றொன்றாக எண்ணிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சரி, நாளைக்கு அந்தக் கணக்குலயே கட்டிடறேன். இனிமே கொறையாம இருக்கும்."

"தாராளமாக் கட்டுங்க" என்றாள் அக்கா, விழுந்த நூலைப் பொறுக்கிக்கொண்டே. "அதுல இருந்ததை எல்லாம் இன்னிக்கு மத்தியானமே எடுத்துட்டேன். உங்க சீட்டுக்கு எதிர் கவுண்டர்லதான் நின்னு வாங்கினேன், நீங்க நிமிர்ந்துகூடப் பாக்கல. குறைஞ்சபட்சத் தொகை இல்லைன்னு மாசாமாசம் பிடிப்பாங்க. பிடிக்கட்டும். முதல் பேரு உங்களுதுதான்."