என்னோடு பத்தியம் இருந்தவள்

படிப்பக நண்பர்களே, இந்தப் பலகையில் நாட்டு நடப்புதான் எழுத வேண்டும் என்று தெரியும். இன்று என் வீட்டு நடப்பை எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் காமாலை வந்ததிலிருந்து எனக்கு உப்பில்லாத கஞ்சியும் மோரும்தான். எண்ணெய் வாசனையே ஆகாது என்று வீட்டில் தாளிப்பதைக்கூட நிறுத்திவிட்டாள் என் மனைவி வள்ளி.

"நீங்க சாப்பிடாததை நான் மட்டும் எப்படிங்க திம்பேன்?" என்று அவளும் கஞ்சியே குடித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்று புதுக்கோட்டையில் டாக்டரைப் பார்த்தேன். அவர் சிரித்தார். "எண்ணெயை அறவே ஒதுக்கணும்னு இப்பல்லாம் சொல்றதில்லீங்க. ஆராய்ஞ்சு பார்த்துட்டாங்க. பட்டினி கெடந்தா ஈரல் தேறாது. நல்லா சாப்பிடுங்க. சாராயம் மட்டும் ஆகாது."

இதை வள்ளியிடம் சொல்லத்தான், வருவதாகச் சொன்னதற்கு முந்தின பஸ்ஸிலேயே இலுப்பூர் திரும்பினேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு ஆயிஷா அக்காவின் அடுப்படியில் மீன் பொரியும் சத்தம். கூடவே வள்ளியின் குரல்.

"இன்னொரு துண்டு போடுங்கக்கா, அவுக பஸ்ஸு வந்துரும்."

என்னைக் கண்டதும் வாயைத் துடைத்துக்கொண்டாள். "ஒங்களுக்கு வாசனை ஆகாதுன்னுதான் இங்கிட்டு வந்து சாப்பிடுறேன்."

"தினமுமா?" என்றேன்.

ஆயிஷா அக்காதான் பதில் சொன்னார். "வெள்ளிக்கிழமை மட்டும் வரமாட்டா தம்பி."

"டாக்டர் என்னங்க சொன்னாரு?" என்றாள் வள்ளி.

"எனக்குப் பத்தியம் முடிஞ்சிருச்சாம். கூட இருந்தவங்கதான் இன்னும் கொஞ்ச நாளைக்குத் தொடரணுமாம்."

நான் சொன்னது தப்பா? கீழே இடம் விட்டிருக்கிறேன், எழுதுங்கள். இன்று மீன் சாப்பிட்டவர்கள் மட்டும் எழுத வேண்டாம்.