முள்முருங்கை நட்ட இடம்

இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பழைய வெள்ளைக்காரத் துரைமாரின் மயானத்துக்கு வந்திருக்கிறேன். பிரெஞ்சுச் சிற்பி ஒருவர் செதுக்கிய பளிங்குப் பெண், ஒரு துரை மகளின் சமாதிமேல் குனிந்து அழுதுகொண்டிருக்கிறாள். அவள் கன்னத்துப் பாசியைத் தேங்காய் நாரால் தேய்க்கிறார் செல்லம்மா அக்கா. தோட்டத்தில் அவருக்கு இதுதான் வேலை.

வாய் சும்மா இருக்குமா, கேட்டுவிடுகிறேன். “உங்க ஆளுங்கள எங்கக்கா அடக்கம் பண்ணுவீங்க?”

“தேயிலைக்குள்ளதாங்க. கல்லுக்கு எங்க போறது? எம்மக தலமாட்டுல முள்முருங்கைக் கம்பு ஒண்ணு நட்டேன். மரமா வந்துச்சு.”

“இப்பவும் நிக்குதா?”

“நிக்குமுங்க. அப்புறம் தேயிலைக்கு நெழலுக்குன்னு மலை முழுக்க அதையே நட்டுட்டாங்க. இப்ப எது எம்மக மரம்னு தெரியல.”

இன்று மகள் இறந்த நாளாம். வேலை முடிந்ததும் மடியிலிருந்து கற்பூரத்தை எடுத்துக்கொண்டு மலையில் ஏறுகிறார். ஒரு மரத்தடியில் குனிகிறார், நிமிர்கிறார், அடுத்ததற்குப் போகிறார். எங்கும் ஏற்றவில்லை. கையில் இருப்பது ஒரே கட்டி.