இருபத்தேழாவது கதவு

இத கதைன்னு நெனச்சுப் படிக்கறவங்க தாராளமாப் படிங்க. ஆனா பாண்டிச்சேரி ரயிலடிக்கு எதிர்ல அந்த மூணு அடுக்குக் கட்டடத்துல குடியிருந்தவங்க யாராவது பக்கத்துல இருந்தா, அவங்க காது கேக்க இத கதைன்னு சொல்லிடாதீங்க. அடிக்க வருவாங்க. மணி, கதவு நம்பரு எல்லாம் நடந்தது நடந்தபடி இருக்கு. ஒண்ணுகூட நான் கூட்டல.

ராத்திரி நடந்ததும் இல்ல இது. பட்டப்பகல். மணி 11.50.

ஆளு பேரு பாவாடை. கட்டட மேஸ்திரி. வயசுல பெரியவன்தான். ஆனா நான் அவன் இவன்னுதான் சொல்வேன். மரியாதை குடுக்கலாமா வேணாமான்னு முழுசாக் கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

வெள்ளைக்காரன் கொடிய எறக்கினான், சுங்கச் சாவடிய எடுத்தாங்க, அவ்ளோதான், ரயிலடிப் பக்கம் ஜனம் மொய்ச்சுப் போச்சு. முன்ன எல்லாம் ரயில் ஏறணும்னா பெட்டியத் தொறந்து காட்டிட்டுக் கைகட்டி நிக்கணும். இப்ப காலைல ஏறினா விழுப்புரத்துல ஆபீஸு, சாயந்தரம் எறங்கினா பாண்டில சோறு. ரயிலடிய ஒட்டி ஒரு ரூம்பு கெடைக்காதான்னு ஊரே அலையுது. மரக்கடை அரிகிருஷ்ணன் இதக் கண்ணால பாத்தாரு. பாவாடையக் கூப்பிட்டாரு.

"மேஸ்திரி, இங்க இனிமே தரையோட வீடு கட்றவன் மடையன். மேல மேல ஏத்து. எட்டடிக்குப் பத்தடி, இருபத்தேழு ரூம்பு. வண்டி ஊதினதும் எழுந்து ஓடப் போறவனுக்குக் கூடமும் முத்தமும் எதுக்கு?"

எல்லாம் சரி. ஆனா அவரு பாத்து வச்ச எடத்துக்கு நட்டநடுவுல ஒரு ஓட்டு வீடு இருந்துச்சு. செல்வாம்பாள் வீடு.

செல்வாம்பாள் புருசன் இல்லாதவ. ரயிலடி வாசல்ல இட்லி வித்து ஒரே பொண்ணக் கட்டிக் குடுத்தவ. பாவாடைக்கு எட்டு வருசமா அவ கை இட்லிதான் காலை ஆகாரம். "அக்கா, அக்கா"ன்னு வளைய வருவான். அவ வீட்ல பெருமைப்பட ஒண்ணே ஒண்ணு உண்டு, கதவு. பழைய பங்களா ஏலத்துல அவ புருசன் எடுத்த தேக்குக் கதவு. நெலையோட, உள்பூட்டோட வந்தது. சாவி ஒரு சாண் நீளம், முரட்டு இரும்பு.

ஐம்பத்தாறு தை மாசம். பொண்ணுக்குப் பிரசவம்னு விழுப்புரம் கெளம்பினா.

"மூணு மாசம் ஆவும் மேஸ்திரி. வீட்டப் பாத்துக்க."

பாவாடை அந்தக் கதவு மேல கைய வச்சான். "நான் இருக்கறப்ப உன் வீட்ல ஒரு ஓடு அசையுமாக்கா? இந்தக் கதவு மேல ஆணை."

அவ போன மறு வாரமே, அவ கொழுந்தன், அந்த வீடு தன்னுதுன்னு சொல்லி அரிகிருஷ்ணனுக்கு எழுதிக் குடுத்துட்டான். இடிக்க ஆள் வேணும். பாவாடைக்கு என்ன கூலி தெரியுமா? மேல் அடுக்குல மூலை ரூம்பு, சாவற வரைக்கும் சும்மா இருந்துக்கலாம். கல்யாணமாகி பதினோரு வருசம், ஒழுகற குடிசை, கொழந்தை இல்ல, பொண்டாட்டி ஜெயம் மொகத்துல சிரிப்பே இல்ல. சபலம் வந்துருச்சு. கடப்பாரைய முதல்ல போட்டவனே அவன்தான். பாவி!

கதவ மட்டும் ஒடைக்க மனசு வரல. ஐயோ பாவம்னு இல்ல, நல்ல மரமாச்சேன்னு. பூட்டுன கதவ நெலையோட பேத்து எடுத்து, கோணியப் போட்டு மூடி வச்சான்.

சித்திரைல 11.50 வண்டில செல்வாம்பாள் வந்து எறங்கினா.

தோள்ல துணி மூட்டை. கையில சாவி. வீடு இருந்த எடத்துல செங்கச் சொவரு ஆளுயரம் எழும்பியிருக்கு. அவ அழுவல. வீடு எங்கன்னும் கேக்கல.

"என் கதவு எங்க மேஸ்திரி?"

"வித்துட்டாங்கக்கா. எனக்கு ஒண்ணும் தெரியாது."

கதவு ஆறடி தள்ளிக் கோணிக்கடியில கெடக்கு.

அவ குனிஞ்சா. ரெண்டு கையாலயும் அந்த செம்மண்ண வாரினா. தூத்தினா. மூணு தடவ. "நீ சொல்ல வேணாம். கதவு எங்க இருந்தாலும் என் சாவி கண்டுபுடிக்கும்"னா. அப்பறம் போயி ரயிலடி பெஞ்சுல உக்காந்தா. பச்சத் தண்ணி தொடல. அஞ்சாம் நாள் அந்த பெஞ்சுலயே உசுரு போச்சு. பொண்ணு வந்து விழுப்புரத்துக்கு எடுத்துப் போயி எரிச்சா. மூடின கைய யாராலயும் பிரிக்க முடியல. சாவியோடதான் வெச்சாங்க.

பாவாடை ரெண்டு நாள் சோறு திங்கல. மூணாம் நாள் தின்னான். கட்டடம் ஒசர ஒசர ஜெயம் வயித்துலயும் ஒரு உசுரு வளர ஆரம்பிச்சுது. பொண்ணு பொறந்துச்சு. அமிர்தவல்லின்னு பேரு. இவன் தலகால் புரியாம ஆடினான். அந்தக் கொழந்தைக்காக உசுரையும் குடுப்பான், அது மட்டும் நெசம்.

ஐம்பத்தேழு வைகாசி. இருபத்தாறு ரூம்பும் நெறைஞ்சாச்சு. எல்லாத்துக்கும் மலிவுக் கதவு, மலிவு உள்பூட்டு. இருபத்தேழாவது மூலை ரூம்புக்கு மட்டும் தேக்குக் கதவு. பூட்டுக்காரன வச்சுப் புதுச் சாவி ஒண்ணு அடிச்சுக்கிட்டான். மூணு மாசக் கைக்கொழந்தையோட ஜெயம் குடிவந்தா. கைக்கொழந்தைக்குப் பக்கத்துல இரும்பு இருக்கணும், காத்து கருப்பு அண்டாதுன்னு நம்ம பக்கம் பழக்கம். கத்தி வச்சாக் கையக் கிழிக்குமேன்னு, அந்தப் புதுச் சாவியத் தூளில போட்டு வச்சா.

இங்கதான் அந்தக் கட்டடத்தோட கூறு ஒண்ணு சொல்லணும். காலை வண்டில பாதிப் பேர் போயிடுவாங்க. மில்லு சங்கு ஊதினா மீதிப் பேர். ஒம்போது மணிக்கு மேல அத்தன ரூம்புலயும் ஈ காக்கா இருக்காது. அவ்ளோ ஜனம் அடைஞ்சு கெடக்கற எடம், பகல்ல வெறிச்சுன்னு இருக்கும்.

குடிவந்த மறுநாள் ஒண்ணாம் நம்பர்க்காரன் சாயந்தரம் வந்து சாவி போட்டா, சாவி நொழையல. துவாரத்துல செம்மண்ணு. ஈர மண்ணு. எவனோ பசங்க வேலைன்னு கம்பியால நோண்டி எடுத்தான். மறுநாள் ரெண்டாம் நம்பர். அதுக்கு மறுநாள் மூணு. யாரும் பெருசா எடுத்துக்கல.

பதினோராம் நம்பர்ல ஆனந்தமேரின்னு ஒரு நர்சம்மா. ராத்திரி டூட்டி, பகல்ல தூக்கம். பதினோராம் நாள் பாவாடையப் புடிச்சுக்கிட்டா.

"மோன் தியே, கடவுளே! எவன்யா அது என் கதவுல சாவி போட்டு ஆட்டினது?"

"யாரும்மா? பகல்ல ஆளே இல்லயே."

"வண்டி ஊதுச்சு. அப்பறம் படில காலடி. அப்பறம் கடக்... கடக்குன்னு சாவி திருப்பற சத்தம். தொறந்தேன். ஒருத்தரும் இல்ல. கீழ மண்ணு."

பாவாடைக்கு அவ வாரித் தூத்தின செம்மண்ணு ஞாபகம் வந்துருச்சு. ஓடிப்போயி ஒவ்வொரு கதவாக் குனிஞ்சு பாத்தான். ஒண்ணுலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் துவாரத்து ஓரத்துல செம்மண் கறை. பன்னெண்டு சுத்தம். நாளைக்கு ஒரு கதவு. இருபத்தேழுல போயி முடியும். அதுக்குள்ள அவன் கொழந்தை.

எலுமிச்சம்பழம் கட்டினான். கற்பூரம் கொளுத்தினான். பதினஞ்சு... பதினாறு... அது பாட்டுக்கு ஏறுது. ஜெயத்துகிட்ட ஒரு வார்த்தை சொன்னானா? சொன்னா, கதவு யாருதுன்னு சொல்லணும். வாய் வரல.

இருபத்தாறாம் நாள் சாயந்தரம் ஜெயமே சொன்னா: "பக்கத்து ரூம்புக்கு யாரோ வந்துட்டுப் போனாங்கய்யா. பாப்பா நம்ம கதவையே பாத்து சிரிச்சுது. தெரிஞ்சவங்களப் பாத்தா சிரிக்குமே, அப்படி."

மறுநாள் விடிய அஞ்சு மணிக்குத் தாயையும் கொழந்தையையும் ரிக்சால ஏத்தி முதலியார்பேட்டைல ஜெயத்தோட அக்கா வீட்டுக்கு அனுப்பிச்சான். கதவக் கழட்டினான். நெலையப் பேத்தான். மாட்டு வண்டில ஏத்தி, சுடுகாட்டு மேட்டுல சீமெண்ணெய் ஊத்திக் கொளுத்தினான். பூட்டு உருகி ஓடற வரைக்கும் நின்னு பாத்தான். 11.30க்குத் திரும்பி வந்து, கதவே இல்லாத அந்த ரூம்புக்குள்ள உக்காந்தான். முடிஞ்சிச்சான்னு கண்ணால பாக்கணுமாம்.

11.50. வண்டி ஊதுச்சு.

11.52. கீழ் வாசல்ல காலடி. செருப்பில்லாத கால்.

படி ஏறுது. நிதானமா... மூட்டை தூக்கின ஆளு ஏறற மாதிரி. நடுவுல நின்னு மூச்சு வாங்குது.

ஒண்ணாம் அடுக்கு.

ரெண்டாம் அடுக்கு...

இட்லி வேவற வாசன வந்துச்சு.

11.54. வாசலுக்கு நேரா நின்னுச்சு. ஆளில்ல. வெயில் மட்டும்தான்.

பொத்... பொத்...

தரைல ஈர மண்ணு விழுது.

"கதவு இல்லக்கா." பாவாடை சொவத்தோட ஒட்டிக்கிட்டான். "எரிச்சுட்டேன். போயிடு."

மண்ணு விழறது நின்னுச்சு.

அப்பறம் காலடி திரும்புச்சு. எறங்குச்சு. இந்தத் தடவ வேகமா... ஓட்டமா!

பாவாடை ஜன்னல்ல எட்டிப் பாத்தான். தெருவுல யாருமில்ல. புழுதி மட்டும் ஒரு கோடா எழும்பித் தெக்கால போவுது.

தெக்கால... முதலியார்பேட்டை!

அப்பத்தான் தூளிய நெனச்சான். கதவ எரிச்சான். சாவி? இரும்பில்லாம கைக்கொழந்தைய வாசப்படி தாண்ட விட மாட்டாளே ஜெயம்!

ஓடினான். விழுந்தான். முட்டி பேந்துச்சு. எழுந்து ஓடினான்.

12.20. அக்கா வீட்டு நடைல தூளி தொங்குது. ஆடுது. பக்கத்துல யாருமில்ல.

"ஜெயம்!"

அடுப்பங்கரைலேர்ந்து வந்தா. "என்னய்யா இது, ரத்தம்? கத்தாத, பாப்பா இப்பத்தான் தூங்குது."

"சாவி எங்கடி?"

"இதோ." முந்தானை முடிச்ச அவுத்துக் காட்டினா. புதுச் சாவி. "உக்காந்து போற வண்டில தூளி ஏதுன்னு இங்கயே முடிஞ்சு வச்சேன். இன்னும் தூளில போடல."

பாவாடைக்கு உசுரு வந்துச்சு. தூளிய வெலக்கினான். கொழந்தை தூங்குது. மூச்சு சீரா இருக்கு. மொகத்துல ஒரு கீறல் இல்ல.

வலது கை மூடியிருக்கு.

விரலுக்கு நடுவுல ஒரு சாண் நீளத்துக்கு... கரி ஏறிப் போன இரும்பு.

எடுத்தான். சூடு. அன்னிக்கே ரெண்டு சாவியையும் கொண்டு போயிக் கடல்ல வீசினான். அந்தக் கட்டடத்துல மறுபடி கால் வைக்கல. முதலியார்பேட்டைலயே குடிசை போட்டுக்கிட்டான். கொழந்தைக்கு ஒண்ணும் ஆவல, தப்பிச்சோம்னு நெனச்சான்.

ஒரு வருசம் போனதுக்கப்பறம் செல்வாம்பாள் பொண்ண ரயிலடில பாத்தான். கால்ல விழாத கொறையா மன்னிப்புக் கேட்டான். அவ முழுசாக் கேட்டுக்கிட்டா. கடைசில ஒண்ணு சொன்னா. "எரிச்ச மறுநாள் சாம்பல் அள்ளப் போனோம். எலும்பு கெடச்சுது. சாவியத் தேடு தேடுன்னு தேடினோம், இல்ல. இரும்பு எங்கண்ண போவும்?"

அமிர்தவல்லி வளந்துச்சு. மூணு வயசுல வாய் ஓயாது. அம்மாங்கும், பெரியம்மாங்கும், தெருவுல போற கோழிக்கெல்லாம் பேரு வைக்கும். பெத்த அப்பன மட்டும் அது ஒண்ணும் சொல்லிக் கூப்பிட்டதில்ல. பாவாடை கெஞ்சுவான், "அப்பா சொல்லு கண்ணு." அது அவனையே பாக்கும். வாயத் தொறக்காது.

அறுபது, மாசி மாசம். விழுப்புரத்துல ஒரு காதுகுத்து. வேற வழியில்லாம மூணு பேரும் ரயிலடிக்கு வந்தாங்க. அந்தக் கட்டடத்தத் தாண்டறப்ப உள்ள வர்ற வண்டி ஊதுச்சு. கொழந்தை அவன் இடுப்புலேர்ந்து வழுக்கி எறங்கி ஓடுச்சு. பொறந்து நாலு மாசத்துக்கப்பறம் அந்த எடத்தப் பாக்காத கொழந்தை. நேரா வாசல்ல நொழைஞ்சு, படி ஏறி, நடுவுல நின்னு மூச்சு வாங்கி, மறுபடி ஏறுச்சு. பாவாடை பின்னாலயே ஓடினான்.

மேல் அடுக்கு. மூலை ரூம்பு. இப்ப அங்க ஒரு மலிவுக் கதவு. கொழந்தை அதத் தடவிப் பாத்துச்சு. திரும்புச்சு. கையில எங்கேர்ந்தோ ஒரு பிடி செம்மண்ணு.

மணி 11.54.

பொறந்ததுலேர்ந்து மொத தடவையா அவன் மொகத்தப் பாத்துக் கூப்பிட்டுச்சு.

"என் கதவு எங்க மேஸ்திரி?"