கம்பி போட்டுக் கட்டிய கிளை

“வாயை மூடுக்கா! வருஷத்துக்கு ஒரு தடவை வர்றது, உன் சத்தத்துல ஓடிடப் போகுது!”

பூங்காவே திரும்பிப் பார்த்தது. ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் அக்காவை எதிர்த்து ஒரு சொல் பேசாத மனிதர், ஒரு வாலாட்டிக் குருவிக்காகப் பேசிவிட்டார். அக்கா இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள், “அந்தக் குருவி வந்து உன் சட்டையைத் துவைச்சுப் போடுமாடா?” என்று கேட்ட பிறகுதான் வீட்டில் பேச்சு வந்தது.

லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர் என்பதால் எல்லாருக்கும் அவர் லிஃப்ட்காரர். கல்யாணத்திலிருந்து தப்பித்தவர். புருஷன் செத்த பிறகு அக்கா வந்து அவரோடு இருக்கிறாள். குளிர் விட்டு மரம் துளிர்க்க ஆரம்பித்தால் ஆளைப் பிடிக்க முடியாது. விடிந்ததும் ஏதாவது ஒரு பூங்கா. டாக்டர் நடக்கச் சொன்ன முழங்காலைத் திட்டிக்கொண்டே அக்காவும் பின்னால் போவாள்.

“நாள் முழுக்க லிஃப்ட் குழி இருட்டுக்குள்ள அண்ணாந்து பாக்கறேன். காலையில ஒரு மணி நேரம் வெளிச்சத்துல அண்ணாந்து பாத்துக்கறேனே, விடுக்கா” என்பார்.

அவருடைய பைனாகுலரில் ஒரு கண் குருடு. பார்த்த பறவைகளை லிஃப்ட் சர்வீஸ் தாளில்தான் எழுதி வைப்பார். ‘பழுது’ என்ற கட்டத்தில் ஒரு குயிலுக்குத் ‘தொண்டை கரகரப்பு’ என்று போட்டிருக்கிறார். புதிதாக ஏதாவது கண்ணில் பட்டால் பக்கத்தில் நிற்பவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். யார் எவர் என்று பார்க்க மாட்டார். ஒருத்தி வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவள் முடிக்கும்வரை காத்திருந்து, “இப்ப பாருங்கம்மா, மேலேருந்து மூணாவது கிளை” என்றார். அவளும் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

இந்த வருஷம் நூலகத்துக்குப் பின்னாலிருக்கும் பூங்காவில், பெஞ்சுக்கு எதிர்ப் புதரில் ஒரு கொண்டைக்குருவி கூடு கட்டி மூன்று குஞ்சு பொரித்தது. இலை மறைத்தது. எது ஆடினாலும், எது மறைத்தாலும் லிஃப்ட்காரரின் பையிலிருந்து கம்பியும் குறடும் வெளியே வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிளையை ஓரமாக வளைத்து, கம்பி போட்டு முறுக்கிக் கட்டினார். பெஞ்சில் உட்கார்ந்தபடியே கூடு முழுசாகத் தெரிந்தது.

“ஐயே, மூணும் வெறும் வாயா இருக்கேடா! உடம்பு எங்க?” என்று அக்காவே பைனாகுலரைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டாள்.

திங்கள் விடிகாலை அவர்கள் வாசலில் நுழையும்போதே காக்கை கூட்டின் விளிம்பில் நின்றிருந்தது. அவர் ஓடினார். ஓடிச் சேர்வதற்குள் இரண்டு குஞ்சு போய்விட்டது.

செருப்பைக் கழற்றிக் காக்கை மேல் வீசி, “சனியனே, நாசமாப் போறவனே” என்று அவர் கத்திய கத்தலில் நடக்க வந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

“அதை ஏண்டா திட்டற?” என்றாள் அக்கா. “அது வயித்துக்குத் தின்னுச்சு. கதவைத் தொறந்து வெச்சது நீ.”

அவர் கம்பியைப் பார்த்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார்.

“நானாக்கா?”

“பின்ன நானா?”

“பாக்கத்தானேக்கா... பாக்கத்தானே கட்டினேன்.”

தொடாதே, கிட்டப் போகாதே என்று பூங்காவுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். குறடால் கம்பியை வெட்டினார். கிளை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. கம்பி இறுக்கிய இடத்தில் நசுங்கி, இலையெல்லாம் வதங்கித் தொங்கியது. உள்ளே ஒரு குஞ்சு மட்டும் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. தாய் விளக்குக் கம்பத்தில் உட்கார்ந்து அலறியது. பக்கத்தில் நின்றால் தாய் வராது. நகர்ந்தால் காக்கை வரும்.

அவர் மேனேஜருக்குப் போன் போட்டார். “சார், இன்னைக்கு லீவு வேணும். குழந்தைக்கு முடியல.”

“உனக்கு ஏதுய்யா குழந்தை?” என்று மேனேஜர் கேட்டது அக்கா வரைக்கும் கேட்டது. அவர் விழித்தார். அக்கா போனைப் பிடுங்கினாள்.

“இருக்கு சார். நேத்துதான் கண்ணைத் தொறந்துச்சு. இவன் லட்சணத்துக்கு அதுவே பெரிசு. வெச்சிடுங்க.”

கடை திறக்கிற நேரமானதும் அவளைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டுக் கடைத்தெருவுக்கு ஓடினார். காக்கை தாழ்ந்தபோதெல்லாம் அக்கா சரளைக்கல்லை வீசினாள். கல்லைவிட வசவுதான் அதிகம். ஒரு மணி நேரம் கழித்து அவர் திரும்பியபோது தோளில் பிளாஸ்டிக் இலைக்கொடி, ஓட்டல் சுவரில் தொங்கவிடுவார்களே, அது. கூட்டைத் தொடாமல் சுற்றிலும் தொங்கவிட்டார். பிறகு பெஞ்சுக்கு வந்து, புதருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பைனாகுலரை அக்கா மடியில் வைத்தார்.

வெகு நேரம் தாய் கம்பத்தை விட்டு இறங்கவில்லை.

“வந்துச்சாக்கா?”

“இல்ல.”

“இப்ப?”

“வாயை மூடுடா.”

தாய் புதர் மேல் இறங்கியது. தலையைச் சாய்த்து அந்தப் பொய் இலையைக் கொத்திப் பார்த்தது. பிறகு அலகில் புழுவோடு உள்ளே நுழைந்தது.

“போயிடுச்சு உள்ள” என்றாள் அக்கா.

அவர் திரும்பவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அக்கா மறுபடி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிய்க்க மறந்த விலைச்சீட்டு கொடியில் ஆடிக்கொண்டிருந்தது. அதில் போட்டிருந்தது அவருடைய ஒரு நாள் சம்பளம்.