தாழ்த்தாத தோணி

கார்த்திகை பிறந்ததும் எங்கள் கூரையிலிருந்து மீன் நாற்றம் வரும். கிழிந்துபோன வலைகளை அப்பா தேடி இழுத்துவந்து, எங்கள் குடிசையின் தென்னோலைக் கிடுகுக் கூரைமேலும் நாங்கள் காவல் பார்த்த, 'கபானா' எனப்படும் வாடகைக் குடில்களின் மேலும் போர்த்தி, மூலைகளில் மணல்மூட்டை கட்டித் தொங்கவிடுவார். செதிள் காய்ந்து ஒட்டியிருந்த அந்த வலைகள் முதல் மழையில் நனைந்ததும், விடுமுறைக்கு வந்து தங்குபவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். "கூர பறந்தா மணம் இருக்காது, வானத்தப் பாத்துப் படுக்கலாம்" என்று அம்மா அவர்களுக்குக் கேட்காமல் சொல்வாள்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே நீண்டு கிடந்த ஒடுங்கிய மணல்திட்டு அது. வாவியை நாங்கள் 'ஆறு' என்றுதான் சொல்வோம். ஆறு கடலைத் தொடும் இடத்தை வருடத்தின் பெரும்பகுதி மணல் அடைத்துக் கிடக்கும்; அந்த மணலின்மேல் நடந்துதான் நான் பள்ளிக்கூடம் போனேன். மாரியில் ஆறு நிரம்பி, அக்கரையில் படுவான்கரை வயல்கள் மூழ்கத் தொடங்கினால், விவசாயிகள் மண்வெட்டிகளோடு வந்து மணலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்குத் திறந்துவிடுவார்கள். 'முகத்துவாரம் வெட்டுறது' என்பது அதுதான். வெட்டினால் அவர்களுடைய வயல் பிழைக்கும், எங்களுடைய பாதை அறுந்துவிடும். அதனால் புயல் என்று வானொலி சொன்னால், வெட்டுவதற்கு முன்பே நாங்கள் அந்த மணலைத் தாண்டிப் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கிவிடுவோம்.

போவதற்கு முன் அப்பா செய்யும் கடைசி வேலை தோணியைத் தாழ்த்துவது. ஆற்றோரம் இடுப்பளவு தண்ணீரில், மரத்தோணிக்குள் மணல்மூட்டைகளை அடுக்கி, தண்ணீர் அள்ளி ஊற்றி, அதை அடியில் உட்காரவைத்துவிடுவார். மூழ்கிக் கிடக்கிற தோணியைக் காற்றும் தூக்காது, நீரோட்டமும் இழுக்காது. புயல் போனதும் மூட்டைகளை எடுத்தால் தோணி எழும்பிவிடும். அந்தத் தோணிதான் எங்களுக்குச் சோறு. 'கபானா'க் காவலுக்குக் கிடைத்தது தேயிலைக்கும் சீனிக்கும்தான் கண்டது.

நான் ஏழாம் வகுப்புப் படித்த வருடம், புயல் செய்தி வந்தபோது ஒரு 'கபானா'வில் கொழும்பிலிருந்து வந்த குடும்பம் இருந்தது. புருஷன், பெண்சாதி, கைக்குழந்தை. நல்ல மனிதர்கள்; பெண்சாதி எனக்கு பிஸ்கட் தருவாள், படிப்பைப் பற்றி விசாரிப்பாள். பட்டணத்தில் இருந்த உரிமையாளர் எப்போதும் சொல்லிவைத்திருந்தது ஒன்று: "ஆக்கள் இருக்கக்குள்ள நீங்க வெளிக்கிடப்படாது." அவர்கள் போனால்தான் நாங்களும் போகலாம்.

"சேர், இண்டைக்கே அங்கால போயிருவம். வெட்டிட்டாங்களெண்டா பாத இல்ல" என்றார் அப்பா.

அந்த மனிதர் கைப்பேசியை நீட்டினார். "அண்ணன், இஞ்ச பாருங்க. புயல் வடக்க போகுது. இது சும்மா மழை. காசு கட்டி வந்திருக்கம், ரெண்டு நாள் நிம்மதியா இருப்பமே."

"அந்தப் போன் எங்கட கூரையையும் புடிச்சுக்கொண்டு நிக்குமா எண்டு கேளுங்க" என்றாள் அம்மா. அவர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார்.

அன்று அப்பா தோணியைத் தாழ்த்தவில்லை. பாதை அறுந்த பிறகு குழந்தைக்கு ஏதாவது என்றால், அக்கரைக்குக் கொண்டுபோக மிதக்கிற தோணி வேண்டும். தாழ்த்திய தோணியைக் கொட்டுகிற மழையில் உடனே எழுப்ப முடியாது. அவர் இன்னொரு கயிறும் சேர்த்து, கரையில் புதிதாகக் கட்டை இறுக்கித் தோணியைக் கட்டினார். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "தாழ்த்திருங்களன்" என்று ஒரே ஒருமுறை சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் வெட்டினார்கள். ஒரு முழ அகலத்தில் தொடங்கிய வாய்க்கால், மண்வெட்டிக்காரர்கள் விலகி ஓடுவதற்குள் வாயகன்று, ஆறு முழுவதும் எங்கள் திட்டை உரசிக்கொண்டு கடலை நோக்கிப் பாய்ந்தது. கயிறு அறவில்லை. கட்டை நின்ற மணல்தான் கரைந்துபோனது. அப்பா தண்ணீருக்குள் குதித்தார். அந்தக் கொழும்பு மனிதரும் சப்பாத்தோடு குதித்துக் கயிற்றைப் பிடித்தார். இருவரையும் அது கொஞ்சத் தூரம் இழுத்துக்கொண்டு போனது. "விட்டிருங்க சேர், விடுங்க!" என்று அப்பா கத்தினார். இருவரும் விட்டார்கள். தோணி, கட்டையையும் இழுத்துக்கொண்டு, முகத்துவாரத்தின் ஊடாகக் கடலுக்குள் நேராகப் போனது.

காற்று வரவே இல்லை. புயல் வடக்கே போய்விட்டது. கூரையில் ஒரு கிடுகுகூட அசையவில்லை.

மழை விட்டதும் இயந்திர வள்ளம் வந்து கொழும்புக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டது. "என்னாலதான் அண்ணன்" என்றார் அவர். அப்பா, "இல்ல சேர், மணல் அப்பிடித்தான்" என்றார். அந்தப் பெண் என் தலையைத் தடவினாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த மாரிக்கு முன் அம்மா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனாள். பஸ் ஏறும்போது, "படிக்கிறத விட்டிராத புள்ள" என்றாள். பஸ் போனது. நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் பாடம் செய்தேன். விடைகள் எல்லாம் சரியாக வந்தன.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்துப் பல்கலைக்கழகமும் போன முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. இப்போது மட்டக்களப்பில் ஓர் அலுவலகத்தில், புயல் காலத்தில் கரையோர விடுதிகளைத் தொலைபேசியில் அழைத்து எச்சரிப்பது என் வேலை. அந்தத் திட்டில் பாதியை ஆறு கொண்டுபோய்விட்டது. மிச்சத்தில் சீமெந்து விடுதிகள் நிற்கின்றன, கூரைமேல் வலை போர்த்துவாரில்லை. மரத்தோணியும் இல்லை, ஃபைபர் வள்ளங்களை உழவு இயந்திரம் கட்டி மேட்டுக்கு இழுத்துவிடுகிறார்கள். அம்மா திரும்பி வந்துவிட்டாள். நான் வளர்ந்த வருடங்களைப் பற்றி அவள் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

போன கிழமையும் விடுமுறைக்கு வந்த ஒருவர் தொலைபேசியில் சிரித்தார். "மிஸ், இது வடக்க போற புயல்தானே? நாங்க ஏன் வெளிக்கிடணும்?"

"ஓம் சேர், வடக்கதான் போகும்" என்றேன். "ஆனா நீங்க வெளிக்கிட்டாத்தான் அங்க வேல செய்யிற குடும்பம் வெளிக்கிடலாம்."

அவர் யாரிடமோ பெட்டிகளைக் கட்டச் சொல்வது கேட்டது. நான் அடுத்த விடுதியின் இலக்கத்தை அழுத்தினேன்.