உயிரோடு இருந்தவருக்கு நான் போட்ட மாலை

வசந்தா டீச்சர் இப்படி ஓடி ஓடியே ஒருநாள் விழுந்துவிடுவார், மறுநாளே பிள்ளைகள் இல்லத்துக்குப் பூட்டு விழும் என்று நான் போன ஆடியிலேயே சொன்னேன். செஞ்சியில் ஒருவரும் காதில் வாங்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் டீச்சர் போய்விட்ட செய்தி வந்தபோது, என் கையிலிருந்த டீ அப்படியே ஐஸாகிவிட்டது. நான் சொன்ன இரண்டும் நடந்துவிட்டன.

சிங்கவரம் சாலையிலுள்ள அந்த ஓட்டு வீடு உங்களுக்கெல்லாம் தெரியும். பொங்கல் கழிந்து செங்கல் சூளைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை அங்கே விட்டுப் போவார்கள். அந்த வீடு இல்லையென்றால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சூளையில் கல் அறுக்க வேண்டியதுதான். அதனால்தான் திங்கட்கிழமை ராத்திரி ஆஸ்பத்திரியில் கடைசி நேரத்தில், வாசலில் அத்தனை பேர் நிற்க, டீச்சர் என்னை மட்டும் கூப்பிட்டு, "அண்ணே, புள்ளைங்கள நீங்கதான் பாத்துக்கணும்" என்றார்.

அங்கே நான் கூடமாட உதவப் போன ஒருநாள், புதிதாக வந்த கௌசல்யாவிடம், "பசிக்குதா?" என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் தலையை ஆட்டி மறுத்தாள். டீச்சர் என்னை ஒதுக்கிவிட்டுத் தட்டை வைத்தார். பதினோரு இட்லி சாப்பிட்டாள், நானே எண்ணினேன். "பசிக்குதான்னு கேக்காதீங்கண்ணே. தட்ட வைங்க" என்றார் டீச்சர்.

அந்தத் தட்டுக்கு அரிசி தந்தது ஒரு வெளிநாட்டு உதவி அமைப்பு. திடீரென்று ஒரு சட்டம் போட்டார்கள்: தகப்பன் இல்லாத பிள்ளைக்கு மட்டும்தான் உதவி. தகப்பன் இருந்தும் சோறில்லாத பிள்ளை எந்தக் கணக்கு என்று அவர்களுக்கு இங்கிலீஷிலேயே விளக்கினேன். புரியவில்லை. எட்டாவது வரை படித்தவன் சும்மா இருப்பேனா? பார்வையிட வந்த அன்று, டீச்சர் சமையலறையில் இருந்த நேரம் பார்த்து, கௌசல்யாவின் அப்பா முருகன் போட்டோவைச் சுவரில் மாட்டி, சந்தன மாலை போட்டு, விளக்கும் ஏற்றினேன். வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு மாசி அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போக வந்த முருகன், மகளைப் பார்க்க உள்ளே நுழைந்தார். சுவரைப் பார்த்தார். டீச்சரும் சமையலறையிலிருந்து வந்துவிட்டார்.

"இன்னா டீச்சர், நான் எப்போ செத்தேன்?"

"இவரு அவரோட தம்பி" என்றேன் நான்.

"இல்ல. இவர்தான் அந்தப் பொண்ணோட அப்பா" என்றார் டீச்சர்.

அத்தோடு அரிசி நின்றது. முருகன் மகளைக் கையோடு கூட்டிப் போய்விட்டார். மற்ற பிள்ளைகளுக்காக டீச்சர் தளவானூர் வரை வீடு வீடாக அரிசி கேட்டு நடந்தார். ஒரு படி போடாதவர்களெல்லாம் புதன்கிழமை டீச்சர் சாவுக்கு ஆளுயர மாலையோடு வந்தார்கள். இல்லத்துச் சாவியை வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை. தை வருகிறது. பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று யாரைக் கேட்டாலும் வானத்தைப் பார்க்கிறார்கள்.

அந்தச் சந்தன மாலை என் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. முருகன் போன பிறகு டீச்சரே அதைக் கழற்றி என் கையில் கொடுத்தார்: "இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். ஆஸ்பத்திரியில் என்னைக் கூப்பிட்டதாகச் சொன்னேனே, அது நானாகச் சொன்னது. நானும் வாசலில்தான் நின்றேன். அவர் கூப்பிடவில்லை.